ராணியின் கரையில் ஒதுங்கிய மரம்

முன்னொரு காலத்தில், ராஜா அழுதால் மந்திரிகளும் கூடவே மூக்கைச் சிந்திய காலத்தில், ஒரு ராஜா தன் ராணியைப் பறிகொடுத்தார். ஆற்றங்கரையில் அவளுக்குத் தீ மூட்டிய அன்றே வெள்ளம் ஒரு பெரிய மரத்தை அதே இடத்தில் ஒதுக்கிவிட்டுப் போனது. இலையும் இல்லை, கிளையும் இல்லை. உடம்பெல்லாம் சேறு.

"இது அவள் அனுப்பியது. இதில் ஓர் ஆசனம் செய்து இங்கேயே வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருப்பேன். அது உளுத்துக் கொட்டும் நாள்தான் எனக்கும் கடைசி நாள்" என்று ராஜா சபதம் செய்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு ஆகாரம் அரைக் கிண்ணம் கஞ்சிதான்.

அவைக்குத் தச்சர் மருதாசாரியை வரவழைத்தார்கள். "கரையில் ஒதுங்கியது என்ன மரம்? பெயரைச் சொன்ன பிறகே உளி படவேண்டும்" என்றார் ராஜா.

"சாமி, ஒரு சில்லு செதுக்கிப் பாக்காம எப்படிச் சொல்றது? தெரியாத மரத்துல வெளியில போடுற ஆசனம் செய்ய மாட்டேங்க" என்றார் ஆசாரி. ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பதினைந்து நாளில் பெயர் தெரியாவிட்டால் ஆசாரியின் கட்டைவிரலை வெட்டச் சொன்னார்.

தலைமை அமைச்சர் விசயராயர் எழுந்தார். "பிரபு, சந்தேகமென்ன, தேக்கு. நூறாண்டு நிற்கும்." மற்றவர்களும் தேக்கு தேக்கு என்று தலையாட்டினார்கள். ஆசாரி மட்டும் ஒப்பவில்லை. ராயர் விகடகவி சொக்கப்பனை ஓரக்கண்ணால் பார்த்தார். "மரம் தெரியாத ஆசாரிக்கு நம் விகடகவி பரிந்து பேசுவாரோ?"

சொக்கப்பனுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ராணி அவனுக்கு அண்ணி முறையில் சோறு போட்டவள். "மகாராஜா, மரத்தையே கேட்டுச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் ஆசாரி விரலுக்குப் பதில் என் நாக்கு" என்றான்.

ஆற்றங்கரைக்குப் போய் மரத்தை நகத்தால் கீறினான். நகம் உளியில்லையே. உள்ளே பச்சை தெரிந்தது. வேலிக்கு நட்ட போத்துகள், வெறும் வெட்டுக்கிளைகள், மழையில் துளிர்ப்பதை அவன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். ஆள் வைத்து ஆழக் குழி தோண்டி மரத்தை அப்படியே நட்டுவிட்டான்.

பத்து நாள் மழை பெய்தது. மரம் கம்மென்று நின்றது. மருதாசாரி தினமும் வந்து தன் கட்டைவிரலைத் தடவிக்கொண்டு போனார். வீணாய்ப் பேசிவிட்டோமே என்று சொக்கப்பன் அழுதுகூட விட்டான்.

பதினைந்தாம் நாள் காலை ராஜா பரிவாரத்தோடு வந்தார். மரத்தின் உச்சியில் நாலைந்து துளிர்கள் விரிந்திருந்தன.

மருதாசாரி ஓர் இலையைப் பார்த்ததும் கும்பிட்டார். "ஒதியமரம் சாமி. ஆசனம் செஞ்சிருந்தா அடுத்த மழைக்குத் தாங்காது."

ராயர் பின்வரிசைக்கு நகர்ந்தார்.

"மகாராஜா, அந்த ஆசனம் உளுக்கும் நாள்தான் உங்களுக்குக் கடைசி நாள் என்றீர்கள். தேக்கு என்றவர்கள் உங்களுக்கு ஒரு வருஷம்தான் கொடுத்தார்கள்" என்றான் சொக்கப்பன்.

"நான் ஆசனமல்லவா கேட்டேன்? நீ நட்டுவைத்திருக்கிறாயே!"

"பெயர் தெரியும்வரை உளி படக்கூடாது என்றது தாங்கள்தான். அடியில் உட்காருங்கள், இதுதான் ஆசனம். இது வளர்ந்துகொண்டே போகும். சபதப்படி, இது விழும்வரை நீங்கள் சாகவும் முடியாது."

ராஜா சிரித்தார். ராணி போனபின் முதல் சிரிப்பு. சிரிப்பு நடுவில் உடைந்து அழுகையாயிற்று. ஈரமண்ணிலேயே உட்கார்ந்து மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அழுது ஓய்ந்ததும் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சொக்கப்பனுக்குப் போட்டார். ஆசாரிக்கு விரலோடு ஒரு மோதிரமும் கிடைத்தது. தினமும் மரத்தைக் காவல் காக்கும் பொறுப்பு ராயருக்கு.

பிறகு ராஜா மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். "சொக்கப்பா," என்றார் மெல்ல, "பசிக்கிறது."