உயிரெழுத்து விடுப்பில் போன நாள்

எங்கள் கரட்டுப்பொட்டல் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர்கள் நான்கு பேர். நால்வரில் கெட்டிக்காரன், தமிழாசிரியனாகிய நான்தான். மற்ற மூவரையும் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

பள்ளியைச் சீர்திருத்தத் திட்டம் கேட்டு, மேலிடத்திலிருந்து ஒரு மடிக்கணினியும் ஒரு கடிதமும் வந்தன. "ஒருவரே எழுதக் கூடாது. அனைவரும் ஒரே கோப்பில், ஒரே நேரத்தில், பகிர்ந்து எழுத வேண்டும். ஒருவர் பகுதியில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் உங்கள் பள்ளி பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைக்கப்படும்."

பக்கத்து ஊர் ஏழு கிலோமீட்டர். பிள்ளைகள் நடந்தே செத்துப்போவார்கள்.

"ஒரு கணினி, நாலு பேர். எப்படிப் பகிர்றது?" என்றார் கணக்கு வாத்தியார் எபனேசர்.

"விசைகளைப் பிரிச்சுக்குவோம்," என்றேன். சொன்னது நான்தான், மறைக்க விரும்பவில்லை.

தலைமையாசிரியர் செண்பகவடிவு டீச்சருக்கு உயிரெழுத்து. பருத்த உடம்புக்காரர் எபனேசருக்கு வல்லினம். மெதுவாகப் பேசும் அறிவியல் டீச்சர் ஜமீலாவுக்கு மெல்லினமும் இடையினமும். எனக்கு மிஞ்சியது புள்ளி.

'பள்ளி' என்ற ஒரு சொல்லுக்கே நாலு பேரும் தேவைப்பட்டோம். எங்கள் ஒற்றுமையைப் பார்த்து எங்களுக்கே கண் கலங்கியது.

மாலையில் மேலிடத்து அலுவலர் போனில் கேட்டார்: "எல்லாரும் ஒரே பக்கத்துல இருக்கீங்களா?"

ஓடிப்போய் ஒரே பக்கம் உட்கார்ந்தோம். பெஞ்சு குடைசாய்ந்தது.

வியாழக்கிழமைவரை தலைப்புதான் முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை செண்பகவடிவு டீச்சர் தன் தம்பி கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

"அவங்க எழுத்தை நாம தட்டலாமா?" என்றார் ஜமீலா.

எபனேசர் கடிதத்தை எடுத்துப் படித்தார். "கை வைக்கக் கூடாது."

"விரல்?"

"விரலும் கையிலதான் இருக்கு."

அந்த விசைப்பலகையில் உயிர் இல்லாமலே 'க' விழும். 'கா', 'கி' விழத்தான் டீச்சர் வேண்டும். நூலகம் கேட்க நினைத்தோம், 'நூ' வரவில்லை. கழிப்பறை 'ழி'யில் நின்றது. குடிநீர் முதல் எழுத்திலேயே போயிற்று.

"எழுத எது வருதோ அதைக் கேட்போம்," என்றேன். மறுபடியும் நான்தான்.

சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட்டோம். திங்கட்கிழமை காலையில் அலுவலர் போனில் கூப்பிட்டார்.

"சார், இதென்ன 'லட்சம் கப்பல்'?"

"'ஒன்று'க்கு டீச்சர் வேணும் சார். எங்களுக்கு லட்சம்தான் வந்துச்சு."

"உங்க ஊரைச் சுத்தி நூறு மைலுக்குக் கடலே இல்லையே!"

எபனேசர் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க சார். அடுத்த வரியைப் படிங்க. கடலும் கேட்டிருக்கோம்."