ராஜா மூக்கில் மிஞ்சிய கல்

இப்போதெல்லாம் ஒருவன் வேலை செய்தால் பத்துப் பேர் சுற்றி நின்று மேஸ்திரித்தனம் பண்ணுகிறார்கள். கிணற்றுக்குள் ஒருவன் தூர் வாருவான், மேலே நின்று நாலு பேர் கை நீட்டுவார்கள். வேலை நன்றாக வந்தால் ஒவ்வொருவனும் "நான் சொல்லித்தான் செய்தான்" என்பான். கெட்டுப்போனால் ஆளைக் காண முடியாது. இந்தக் கூட்டம் அரண்மனையிலும் இருந்ததாம். கேட்டதைச் சொல்கிறேன், நம்புவது உங்கள் பாடு.

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா. எந்த ஊர் என்று கேட்காதீர்கள், எனக்குச் சொன்னவனுக்கே தெரியவில்லை. வடக்கேயிருந்து யாரோ அவருக்குப் பெரிய சலவைக்கல் ஒன்றை அனுப்பினார்கள். பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. "நம் பிறந்தநாளுக்குள் நம் முகம் இந்தக் கல்லில் வர வேண்டும்" என்றார்.

அங்கே தொந்தியப்பன் என்று ஒரு விகடக்காரன். பேர்தான் தொந்தி, ஆள் முருங்கைக்காய். அவன் போய் வயிரவ ஆசாரி என்ற சிற்பியை அழைத்து வந்தான். பிரதானி வரதராயருக்கு வயிறு எரிந்தது. ராஜாவுக்கு அடுத்த ஆள் அவர். தன்னைக் கேட்காமல் ஒரு கோமாளி ஆள் பிடித்து வருவதா?

ஆசாரி வந்ததும் உளியைத் தொடவில்லை. கல் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். கல் முழுக்கக் காய்ந்த பிறகும் ஓரிடத்தில் ஈரக்கோடு நின்றால் அங்கே விரிசல் இருக்கிறது. தெரியாமல் கொத்தினால் காது கையோடு வந்துவிடும்.

பிரதானிக்கு அதெல்லாம் எதற்கு? ஓடினார். "மகாராஜா, தாங்கள் நியமித்த சிற்பி கல் காய்வதை வேடிக்கை பார்க்கிறான். அடியேன் நின்று ஏவினால்தான் காரியம் நடக்கும்."

ராஜா யோசிக்கவில்லை. எந்த ராஜா யோசித்தார்? "இனி பிரதானி தம் வாயால் 'வெட்டு' என்று சொல்லாமல் அந்தக் கல்லில் உளி விழக் கூடாது. விழுந்தால் சிற்பியின் வலது கை போகும். பிறந்தநாளன்று முகம் முடியாவிட்டாலும் போகும்."

ஆசாரி தொந்தியப்பனைப் பிடித்துக்கொண்டார். "என்னய்யா, சும்மா கெடந்தவனக் கூட்டியாந்து கைய வாங்கப் பாக்குறியே!"

"பதறாதேயும் ஆசாரியாரே. முகத்துல எதக் கடைசியா முடிப்பீரு?"

"மூக்கத்தான். நீட்டிக்கிட்டு நிக்கிறது அதானே? எடுத்த கல்லத் திரும்ப ஒட்டவா முடியும்? மிச்சம் விட்டு வச்சுக் கடைசியில கரைப்போம்."

"நல்லா தாராளமா விடும். இப்ப 'இங்க வெட்டவா, அங்க வெட்டவா'ன்னு கேளும். மூக்கு மட்டும் மகாராஜா முன்னாலதான். அப்ப எத வெட்டணும்னு பேர் சொல்லி, சத்தமாக் கேக்கணும்."

வேலை தொடங்கியது. "இங்கங்களா சாமி?" "வெட்டு." "அங்கங்களா?" "வெட்டு." கல் தூள் பறந்து பிரதானிக்கு ஒரே தும்மல். நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டே "வெட்டு, வெட்டு" என்றார். சபையில் போய், "கைதான் அவனுடையது, கண் என்னுடையது" என்றார்.

பிறந்தநாள் காலையில் ராஜா பரிவாரத்தோடு வந்தார். துணியை விலக்கினார்கள். நெற்றி, உதடு, மீசை முறுக்கு எல்லாம் அச்சு அசல் ராஜா. நடுவில் மட்டும் சுரைக்காய் மாதிரி ஒரு மூக்கு.

"இது யாருடைய மூக்கு?" என்று ராஜா கர்ஜித்தார்.

பிரதானி முந்திக்கொண்டார். "தங்களைப் பரிகாசம் செய்திருக்கிறான் மகாராஜா! கையை வாங்க உத்தரவிடுங்கள்!"

தொந்தியப்பன் கும்பிட்டான். "மகாராஜா, பொழுது சாயும்வரை நாள் இருக்கிறது. சிற்பி பிரதானியாரின் உத்தரவுக்குத்தான் காத்திருக்கிறார். கேளும் ஆசாரியாரே."

ஆசாரி உளியை மூக்கு நுனியில் வைத்தார். சுத்தியை ஓங்கினார். "பிரதானி சாமி! மகாராஜா மூக்க வெட்டட்டுங்களா?"

ராஜாவின் கை தானாகத் தன் மூக்கைத் தொட்டது. பிரதானி அதைப் பார்த்தார்.

"வெ... வேண்டாம், வேண்டாம்!"

"அப்படியா!" என்றான் தொந்தியப்பன். "மகாராஜாவின் மூக்கு இந்தச் சுரைக்காய்தான், குறைக்க ஒன்றுமில்லை என்கிறார் பிரதானியார்."

"ஐயையோ, நான் அப்படிச் சொல்லவில்லை!"

"அப்படியானால் வெட்டச் சொல்லுங்கள்."

பிரதானிக்குத் தலைப்பாகை நனைந்துவிட்டது. ராஜாவின் காலில் விழுந்தார். "மகாராஜா, சிற்பி தம் இஷ்டப்படி செய்யட்டும். என்னை ஒன்றும் கேட்க வேண்டாம்!"

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்" என்றான் தொந்தியப்பன்.

ராஜாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உத்தரவை ரத்து செய்தார். ஆசாரி மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி, தேய்த்தே கரைத்து, பொழுது சாய்வதற்குள் முடித்தார். தேய்க்கத் தண்ணீர் ஊற்றியவர் பிரதானி. அதுவும் ராஜா உத்தரவு. தொந்தியப்பன் கழுத்தில் முத்துமாலை விழுந்தது.

அதன் பிறகு அந்த ராஜா வேலை செய்கிறவன் தலைமேல் யாரையும் நிறுத்தவே இல்லையாம். சொன்னவன் சொன்னான்.

"ஆசாரிக்கு என்னய்யா குடுத்தாரு?" என்று அவனிடம் கேட்டேன்.

"அதான் கை போகலையே" என்று சிரித்தான்.

"பேசினவனுக்கு முத்து, செதுக்கினவனுக்கு அவன் கையேவா? இந்த ராஜாவா திருந்தினான்? போய்யா!"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். "கதைய இப்படியா கேக்குறது, எப்படிக் கேக்கணும்னா..." என்று கூட உட்கார்ந்து கதை கேட்ட இரண்டு பேர் பின்னால் ஆரம்பித்தார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டேன்.