ஏழு சொன்ன பதில்

விளக்குப் போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். தெருக்கோடியில் டிர்ரென்று ஒரு சத்தம். இரும்பு கேட் கம்பிகள்மேல் யாரோ தடியை உரசிக்கொண்டே வருவதுபோல.

பிரகாசி எழுந்து கதவருகே போனாள். அந்தத் தடியை அவள் முதுகு அறியும்.

பெயர்ப்பலகை இல்லாத வீடு அது. புருஷனுக்குத் தப்பி வந்த பெண்களைக் கன்னியாஸ்திரிகள் அங்கே வைத்துக் கம்ப்யூட்டர் வேலை பழக்கினார்கள். பாடம் நடத்தும் சிஸ்டர் அமலிக்குப் பிரகாசியைவிட இரண்டு வயது குறைவு.

"பிரகாசீ! பிள்ளையை ஒருதரம் காட்டுடி, போயிருதேன்."

ஒவ்வொரு கேட்டிலும் நின்று அவள் புருஷன் சூசை அதையே கூவினான்.

"தெருவைக் கண்டுபிடிச்சிட்டான், சிஸ்டர். வீடுதான் தெரியலை. வெளிய போயி 'வரமாட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருதேனே? அப்பவாவது போய்த் தொலைவான்."

பிரகாசியின் கை கதவைப் பாதி திறந்திருந்தது.

அமலி கம்ப்யூட்டர் மேஜைக்குப் போனாள். எட்டு கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். முதல் கம்ப்யூட்டரிலிருந்து ஏழாவதைக் கூப்பிடும்படி தட்டினாள்.

பெட்டியில் எட்டு பச்சை விளக்குகளும் ஒருசேர மினுங்கின.

"என்ன செய்யுது?" பாடம் கேட்பதுபோல் கேட்டாள் அமலி.

"யாரு எங்க இருக்கான்னு பெட்டிக்குத் தெரியாது. எல்லா வாசல்லயும் கூப்பிடுது."

"இப்ப?"

ஒன்றும் ஏழும் மட்டும் மினுங்கின.

"ஏழு பதில் குடுத்துட்டு. இனி ஏழுக்கு மட்டும்தான் போகும்."

"என்ன பதில் குடுத்துச்சு?"

"அதைப் பெட்டி படிக்காதே, சிஸ்டர். எந்த வாசல்லருந்து வந்துச்சுன்னு மட்டும் குறிச்சுக்கிடும்."

"ஏழு 'வரமாட்டேன்'னு சொல்லியிருந்தா?"

பிரகாசி கதவிலிருந்து கையை எடுத்தாள்.

சத்தம் பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டது.

"பேச்சு மூச்சு இல்லைன்னா பெட்டி அஞ்சு நிமிஷத்துல மறந்துரும்," என்றாள் மெதுவாக. "இவன் மறக்க மாட்டான், சிஸ்டர்."

"மாட்டான்."

தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. பிரகாசி வாரியெடுத்து அதன் வாயை மார்பில் பொதிந்துகொண்டாள். கதவைச் சாத்தினாள்.

தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. தள்ளினால் கிறீச்சிடும்.

அவர்கள் வீட்டு கேட்டில் தடி உரசத் தொடங்கும்வரை காத்திருந்தாள். அந்தச் சத்தத்துக்குள் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.