மிச்சம் விழுந்த வகுப்பு

"இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குத் தாக்குப்பிடிக்கத் தெரியலை சிஸ்டர். ரெண்டு வருஷத்துல மூணு பேர் ஓடிட்டாங்க. இதோ நாலாவது."

தலைமையாசிரியை அமலோற்பவம் இதை மூன்றாம் தடவையாகச் சொல்லி, பொற்கொடியின் ராஜினாமாக் கடிதத்தை மேஜைமேல் தட்டினாள். பொற்கொடி கணக்கு டீச்சர். சேர்ந்து ஏழு வாரம். வாசலில் நின்றுகொண்டிருந்தாள், உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

தாளாளர் சிஸ்டர் எமரென்சியா கடிதத்தைப் பார்க்கவே இல்லை. ஆளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார்.

எழுத்துத் தேர்வு, நேர்காணல், மாதிரி வகுப்பு என்று அமலோற்பவம் அடுக்கினாள். நாற்பது பேரில் முதலாவதாக வந்தவள் இவள்தான். மூன்று நாள் பயிற்சியும் கொடுத்தாயிற்று, மதியச் சாப்பாட்டோடு.

"வகுப்பை எப்படிப் பிரிச்சீங்க?"

"வழக்கம்போலத்தான். சீனியர் டீச்சருங்க முதல்ல எடுத்துப்பாங்க. மிச்சம் இருக்கறது புதுசா வந்தவங்களுக்கு."

"மிச்சம் எது?"

"எட்டு 'டி'." குரல் கொஞ்சம் இறங்கியது. "கடைசி பீரியட்."

எட்டு 'டி' என்றால் அறுபத்தோரு பிள்ளைகள். பாதிப் பேருக்கு வாய்ப்பாடு ஏழோடு நின்றுபோயிருந்தது. அந்த வகுப்பின் பேரைச் சொன்னால் போதும், சீனியர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முதுகுவலி வந்துவிடும்.

"உங்களுக்கு எந்த வகுப்பு?"

"பத்து 'ஏ' கணக்கு. காலையில முதல் பீரியட்."

"எத்தனை வருஷ சர்வீஸ்?"

"இருபத்தாறு."

கடைசி பீரியடுக்கு மணி அடித்தது. சிஸ்டர் எழுந்தார். கடிதத்தைப் பொற்கொடியிடமே கொடுத்து, ஒரு மாதம் கழித்தும் மனசு மாறாவிட்டால் தரச் சொன்னார். இனிமேல் பத்து 'ஏ' உனக்கு, இன்றைக்கு அங்கே கடைசி பீரியடும் கணக்குதான், இப்போதே போ என்றார். பிறகு அமலோற்பவத்தை எட்டு 'டி'க்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இன்னைக்கு மட்டுந்தானே சிஸ்டர்?"

"மார்ச் வரைக்கும்."

அமலோற்பவம் வகுப்புக்குள் நுழைந்தாள். முந்தானையைச் செருகினாள். சாக்பீஸை எடுத்துப் பலகையில் ஒரு பின்னக் கணக்கை எழுதிவிட்டுத் திரும்பினாள். அதற்குள் மூன்று பெஞ்சுகள் இடம் மாறியிருந்தன.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து மரியாதையாகவே கேட்டாள். "பொற்கொடி மிஸ்ஸும் போயிட்டாங்களா மிஸ்? நீங்க எத்தனை நாளைக்கு?"

இருபத்தாறு வருஷத்தில் யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை.

"மார்ச் வரைக்கும் நான்தான். உட்காரு."

வகுப்பு நம்பவில்லை. பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவள் முதல் கணக்கை அழித்துவிட்டு, அதைவிடச் சுலபமான ஒன்றை எழுதினாள். அதற்கும் ஒரு கைகூட உயரவில்லை. அதையும் அழித்துவிட்டு இன்னொன்று எழுதினாள்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிஸ்டர் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"எங்க சிஸ்டர் கிளம்பிட்டீங்க?"

"பத்து 'ஏ'க்கு. பொற்கொடி அங்க தனியா இருக்கா. பின்னாடி போய் உட்காரப்போறேன்."

"தினமுமா?"

"அவ போதும்னு சொல்ற வரைக்கும்."

சிஸ்டர் வராந்தாவில் நடக்கத் தொடங்கிவிட்டார். அமலோற்பவம் சாக்பீஸைக் கீழே வைக்காமலே வாசல்வரை வந்தாள்.

"சிஸ்டர், இங்கேயும் ஒரு பத்து நிமிஷம் உட்காருங்களேன்."