மங்கலான கருவிழி

டாக்டர் ஆவுடையப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முப்பது வருடம் கண் அறுவை செய்துவிட்டு, தன்னைவிட இருபது வயது இளையவரான ஜெசிந்தாவிடம் ஒளியியல் படிக்க வந்து சேர்ந்திருந்தார். ஜெசிந்தா ஒரு கண் மருத்துவமனையில், தானமாக வரும் கண்களைச் சேர்த்துவைக்கும் கண் வங்கியின் ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியர். சீடராக வந்தாரே தவிர, டாக்டர் தன் கோபத்தை வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை.

அன்று காலை ஒரு கருவிழி வந்திருந்தது. விபத்தில் இறந்த லாரி ஓட்டுநருடையது. மாடி வார்டில் பூரணம் என்ற பீடி சுற்றும் பெண் அதற்காகவே வெறும் வயிற்றோடு படுத்திருந்தார். ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மற்றதும் வெளுத்துக்கொண்டிருந்தது.

கருவிழியின் உள்படலத்தில் செல்கள் நெருக்கமாக இருந்தால்தான் அதை வைத்துத் தைக்கலாம். ஆய்வுக்கூடக் கருவியில் அதைப் படம் எடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் ஆவுடையப்பன். திரையைப் பார்த்தார். சாம்பலை அள்ளிப் பூசியதுபோல இருந்தது.

“குப்பை!” நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “ஊறிப்போய்க் கெடக்கு மேடம். ஒளி கோணல்மாணலாப் போகுது, படம் கலங்கிடுச்சு. நிராகரிச்சிட்டேன்.”

“செல்லோட ஓரமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்திருந்துச்சா?”

“ஓரமா? ஒண்ணுமே தெரியல! கோணலைச் சரிபண்ற கண்ணாடி வாங்குங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேன், யாரு கேக்கா? லேசராவது உண்டா? அதுவும் இல்ல, வெறும் பல்பு! இதை நம்பி ஒரு பொம்பளையோட கண்ணுல நான் விளையாட மாட்டேன்.”

அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கெட்ட கருவிழியை வைத்துத் தைத்தால் மறுபடி அறுக்க வேண்டும். அந்த வேதனையை அவர் கிட்டத்தில் பார்த்தவர்.

ஜெசிந்தா வாதாடவில்லை. கருவிழியைப் பத்திரமாக அதன் திரவத்தில் எடுத்து வைத்தார். நெருக்கமாகக் கோடு கீறிய சோதனைத் தகடு ஒன்றைக் கருவியில் பொருத்தினார். அதன்மேல் மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றை வைத்து, கண்ணுக்குப் போடும் ஜெல்லை விரலால் ஏனோதானோவென்று அப்பினார்.

“இருக்கிற கோணல் போதாதா மேடம்?”

“போதாது.”

அந்தக் கருவியில் ஒளி இரண்டாகப் பிரியும். ஒரு பாதி திசுவுக்குப் போய்த் திரும்பும், மறுபாதி கருவிக்குள்ளேயே இருக்கும் ஓர் எதிரொளிக் கண்ணாடிக்குப் போய்த் திரும்பும். இரண்டும் தாளம் ஒத்துச் சேர்வதுதான் படமாகும். ஜெசிந்தா எதிரொளிக் கண்ணாடிக்குப் போகும் வழியைக் கறுப்பு அட்டையால் அடைத்தார். இப்போது அது சாதாரண நுண்ணோக்கி.

“என்ன தெரியுது?”

“கோடெல்லாம் குழைஞ்சு கெடக்கு. கஞ்சி மாதிரி.”

“இன்னும் கொஞ்ச நேரம் பாத்தா பிரியுமா?”

“சாயங்காலம் வரை பாத்தாலும் பிரியாது. என்ன கேள்வி இது?”

ஜெசிந்தா அட்டையை எடுத்தார். “இப்ப?”

“ஒரே சாம்பல். காலையில பாத்த அதே லட்சணம்.”

“உக்காருங்க.”

வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார். கருவி படத்தின்மேல் படமாக எடுத்துச் சேர்த்துக்கொண்டே போனது. திரையில் கொதித்த சாம்பல் புள்ளிகள் மெல்ல அடங்கின. கோடுகள் வந்தன. மங்கல்தான். ஆனால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, நடுவே இருந்த இடைவெளி அப்படியே இருந்தது.

ஆவுடையப்பன் திரையருகே குனிந்தார். “அதே ஜெல்லா?”

“அதேதான். வழி தப்பின ஒளி கண்ணாடி ஒளியோட ஜோடி சேராது. சேராதது படத்துல வராது. மிஞ்சினது கொஞ்சம்தான், ஆனா அதது அததோட இடத்துல இருக்கு. லேசரா இருந்தா வழி தப்பின ஒளியும் ஜோடி சேர்ந்து படம் கலங்கியிருக்கும். வெறும் பல்பு, அதனால தப்பிச்சோம்.” ஜெசிந்தா அவர் பக்கம் திரும்பினார். “காலையில எத்தனை படம் எடுத்தீங்க?”

“ஒண்ணு.”

முப்பது வருடப் பழக்கம் அது. முதல் பார்வையில் தெரியாதது அவருடைய நுண்ணோக்கிகளில் ஒருநாளும் தெரிந்ததில்லை.

கருவிழி மறுபடி கருவிக்குள் போனது. இந்த முறை அவர் எழுந்திருக்கவில்லை. சாம்பலுக்குள்ளிருந்து ஆறு மூலைச் செல்கள் ஒவ்வொன்றாகத் துலங்கின. நெருக்கியடித்துக்கொண்டு, ஓரம் சிதையாமல், முழுசாக இருந்தன.

அவர் வார்டுக்குப் போன் செய்தார். “பூரணத்தைத் தியேட்டருக்குக் கொண்டு வாங்க.” போனை வைத்ததும் கோபம் மறுபடி தலைக்கேறியது.

“அநியாயம் மேடம்! இவ்வளவு நல்ல கருவிழியை இப்படியா மங்கலாக் காட்டும்? நான் தூக்கி எறிஞ்சிருப்பேனே! இது கருவியோட குத்தமா இல்லையா?”

ஜெசிந்தா அன்றைக்கு முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

“உங்ககிட்ட வர்ற நோயாளி சன்னமாப் பேசினா, உளர்றாங்கன்னு சொல்லி வெளிய அனுப்பிடுவீங்களா டாக்டர்?”

ஆவுடையப்பன், கருவிழி நிராகரிப்பு என்று காலையில் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார்.