விசையை விட்ட பிறகு

ஓடைக்கரை மடத்தில் சனிக்கிழமைதோறும் முந்நூறு பேருக்குச் சோறு. சாப்பாடு முடிந்ததும் அண்டாக்களையும் கல் தளத்தையும் பிரஷர் மெஷினால் கழுவுவது சிற்றம்பலத்தின் பொறுப்பு. அறுபத்திரண்டு வயது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று, மடத்துக்குச் சீடராக வந்தவர். அவருடைய குரு திலகவதி அம்மையாருக்கு நாற்பத்து மூன்றுதான்.

இரண்டு வாரத்துக்கு முன், விரல் வலிக்கிறதென்று சிற்றம்பலம் தண்ணீர் பீய்ச்சும் கன்னின் விசையைச் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டினார். அழுத்திப் பிடிக்காமலே தண்ணீர் சீறிப் பாய்ந்தது. சுகமாக இருந்தது. ஹோஸை இழுக்கத் திரும்பியபோது கன் கைநழுவி விழுந்தது. சோப்பு நுரையில் தலையறுந்த கோழிபோலத் துள்ளியது. அந்தப் பக்கமாக வந்த அம்மையாரின் இடது பாதத்தைக் கிழித்துவிட்டு, தூணில் மோதி உடைந்தது.

பாதத்தில் ஆறு தையல்.

கட்டு மாற்றும் நாளெல்லாம் சிற்றம்பலம் அம்மையாரின் அறை வாசலில் வந்து நின்றார்.

"மன்னிச்சிடுங்கம்மா."

"விடுங்க ஐயா."

மறுமுறையும் வந்தார். மறுமுறையும் அதே பதில். கண்ணை மூடினால் போதும், வெள்ளை நுரை மெல்லச் சிவப்பது தெரிந்தது.

நாளை சனிக்கிழமை. தையல் பிரித்தாயிற்று. போன வாரம் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு அண்டா தேய்த்த பெண்களுக்குக் கை எரிச்சல் இன்னும் தீரவில்லை.

"வேலையை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்கம்மா. எனக்கு இனிமே கன்னைத் தொடவே பயமா இருக்கு."

"முதல்ல கன் வாங்கிட்டு வருவோம்" என்று அம்மையார் செருப்பைத் தேடினார்.

கடைக்காரர் செய்யது, உடைந்த கன்னைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். டியூப் துண்டு இன்னும் விசையை இறுக்கிக்கொண்டிருந்தது.

"என்ன ஐயா, கன்னுக்கு பெல்ட் எல்லாம் கட்டி விட்டிருக்கீங்க? கரன்ட் ஆபீஸ்ல இருந்தவர்தானே நீங்க?"

சிற்றம்பலம் தலை நிமிரவில்லை. முப்பத்து நான்கு வருடம், கம்பத்தில் ஏறப் போகிறவனை நிறுத்தி, "கையுறை எங்கடா?" என்று அதட்டிய வாய் அது.

பழைய ஹோஸின் திருகு மரைக்குப் பொருந்துகிற மூன்று கன்களைச் செய்யது மேஜைமேல் வைத்தார்.

"இது எவ்வளவு பிரஷர் தாங்கும்?" என்று சிற்றம்பலம் கேட்டார்.

"உங்க மெஷின் தர்றது நூத்தைம்பது பார் பிரஷர். மூணுமே இருநூத்தைம்பது தாங்கும்."

"வெடிச்சிடாதே?"

"வெடிக்காது."

"இந்த ஜாயின்ட் கழண்டு வந்துட்டா?"

"ஐயா, நான் கன் விக்கிறேன். நீங்க ஆயுள் காப்பீடு கேக்கறீங்க."

அம்மையார் சிரித்துவிட்டார். சிற்றம்பலத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"மூணையும் மாட்டிக் காட்டுங்க" என்றார் அம்மையார்.

கடையின் பின்புறம் இருந்த மெஷினில் செய்யது முதல் கன்னை மாட்டினார். தண்ணீர் சுவரை அறைந்தது.

"பாருங்க, என்ன வேகம்!"

"விட்டா நிக்குதா?" என்று கேட்டார் அம்மையார்.

செய்யது விசையை விட்டார். தண்ணீர் தயங்கி, இழுத்து, ஒருவழியாக நின்றது. நின்ற பிறகும் முனையில் சொட்டியது.

"அடுத்தது."

"இது விரல் வலிக்கிறவங்களுக்குன்னே செஞ்சது. இந்தக் கொக்கியை மாட்டிட்டா, கையை எடுத்தாலும் ஓடிட்டே இருக்கும்."

சிற்றம்பலம் இரண்டடி பின்னால் போனார்.

"அது வேண்டாம்" என்றார் அம்மையார்.

மூன்றாவது பார்வைக்குச் சாதாரணம். வேகமும் மற்றவற்றைவிட ஒரு மாற்றுக் குறைவாகத்தான் தெரிந்தது. செய்யது விரலை எடுத்தார். அந்தக் கணமே நின்றது. சுவரிலிருந்து தண்ணீர் வழியும் ஓசை மட்டும் கேட்டது.

"இதைக் கொடுங்க."

"அம்மா, வேகத்தை யாரும் குறைச்சுக் கேட்டு நான் பார்த்ததில்லை" என்றார் செய்யது.

மறுநாள் பந்தி முடிந்தது. அண்டாக்கள் தளத்தில் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. அம்மையார் எட்டத்தில், தூணுக்கு அப்பால் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். கட்டில்லாத பாதத்தில் தழும்பு இளஞ்சிவப்பாக ஓடியது.

சிற்றம்பலம் கன்னைப் பிடித்தார். விரல் முட்டிகள் வெளுத்தன. தண்ணீர் பாய்ந்தது. ஒரு அண்டா, இரண்டு அண்டா. மூன்றாவதில் வெள்ளை நுரை பொங்கி வர, விசையை விட்டுவிட்டார். தளம் சட்டென்று அமைதியானது.

அவர் தழும்பைப் பார்த்தார்.

"அன்னைக்கு மட்டும் நான் அந்த டியூபைக் கட்டாம இருந்திருந்தா..."

"விட்டா நிக்குதா?"

"நிக்குதும்மா. நல்லா நிக்குது."

அம்மையார் பாதத்தைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார்.

"கன்னைக் கேக்கலை ஐயா."