எண்பது கிழங்கு வளை

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில் கிழட்டு முள்ளம்பன்றி ஒன்று தனியாக இருந்தது. அதன் வளையில் நான்கு அறைகள். இரண்டை அது தோண்டியது. மற்ற இரண்டும் அதன் மனைவி தோண்டியவை. மனைவி இறந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

ஆற்றுக்கு அப்பால் மலையில் அதன் மகள் இருந்தது. "இந்த மழைக்கு முன்னால் இங்கே வந்துவிடுங்கள் அப்பா" என்று சொல்லியனுப்பியிருந்தது. வெள்ளம் வந்துவிட்டால் ஆற்றைக் கடக்க முடியாது. இன்னொரு மழைக்காலத்தைத் தனியாகத் தாங்க முள்ளம்பன்றிக்குத் தெம்பும் இல்லை. ஆனால் மகளின் குகையில் இன்னொருவருக்கு இடமில்லை. மலைக் குகைகள் எல்லாம் கரடிக்குச் சொந்தம். நாற்பது கிழங்கு கொடுத்தால்தான் கரடி ஒரு குகையை விடும். அதற்கு வளையை விற்றாக வேண்டும்.

அந்தக் காட்டில் வளை விற்றுக்கொடுக்கிற தரகர்கள் இரண்டு பேர். ஆடி மாதத்தில் முள்ளம்பன்றி முதலில் ஆள்காட்டிக் குருவியை அழைத்தது. கண்ணில் பட்டதை அப்படியே கத்திச் சொல்லிவிடுகிற பறவை அது. உள்ளே போய் ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது.

"நாற்பது கிழங்குக்குப் போகும், பெரியவரே. மேற்குச் சுவரில் வேர் இறங்கியிருக்கிறது. மழைக்குக் கசியும். வாங்க வருகிறவர்களிடம் அதை நானே முதலில் சொல்லிவிடுவேன்."

முள்ளம்பன்றியின் முட்கள் சிலிர்த்தன. "அது என் மனைவி தோண்டிய சுவர்."

"யார் தோண்டினால் என்ன? கசிகிற சுவர் கசியத்தானே செய்யும்?"

"நீ போகலாம்" என்றது முள்ளம்பன்றி.

மறுநாள் ஓணான் வந்தது. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ஓணான். வாசலில் நின்றபோதே தலையாட்டியது. உள்ளே வந்து இன்னும் வேகமாக ஆட்டியது.

"இது என் மனைவி தோண்டிய சுவர்" என்றது முள்ளம்பன்றி.

"சொல்லவே வேண்டாம் மாமா. அத்தை கை பட்ட இடம் தனியாகத் தெரிகிறதே. எண்பதுக்கு ஒரு கிழங்கு குறைந்தாலும் கொடுக்காதீர்கள்."

இரண்டு வருடமாக அதன் மனைவியைப் பற்றி ஒருவரும் அதனிடம் பேசியதில்லை. அப்போதே வளையை ஓணானின் பொறுப்பில் விட்டது.

"மூலையில் அது என்ன, மான் கொம்பா?" என்று கேட்டது ஓணான்.

"ஆமாம். பல் தினவெடுத்தால் அவள் அதைக் கடிப்பாள்."

"சாவு நடந்த வீடு என்று முகம் சுளிப்பார்கள் மாமா. வெளியே போட்டுவிடுங்கள்."

கொம்பில் பல் தடம் அப்படியே இருந்தது. முள்ளம்பன்றி அதைத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றோரம் வைத்தது. மலைக்குப் போகிற அன்று எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தது.

ஓணான் ஒரு புற்றின் மேல் ஏறிக் கூவியது. "ஏழு அறை, மூன்று வாசல். வெயிலுக்குக் குளிர்ச்சி, மழைக்குக் கதகதப்பு. ராஜா இருக்க வேண்டிய வளை."

"நான்கு அறைதானே?"

"விளம்பரம் மாமா. வருகிறவர்கள் எண்ணிக்கொண்டா இருப்பார்கள்?"

எண்ணினார்கள். மரநாய் வந்தது, உடும்பு வந்தது, கீரி தன் குட்டிகளோடு வந்தது. எல்லாம் அறைகளை எண்ணின. மேற்குச் சுவரில் மூக்கை வைத்து முகர்ந்தன. எண்பது என்று கேட்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டன. ஓணான் ஒவ்வொருவரையும் மரியாதையாக வெளியே அழைத்துப் போகும். போனவர்கள் திரும்பி வந்ததில்லை.

ஆவணியில் முள்ளம்பன்றி, "விலையைக் கொஞ்சம் குறைப்போமா?" என்று கேட்டது.

"குறைத்தால், வளையில் ஏதோ கோளாறு என்பார்கள். அத்தைக்குத்தானே அவமானம்?" என்றது ஓணான். விலை எண்பதிலேயே நின்றது.

புரட்டாசிக் கடைசியில் அடுத்த மேட்டிலிருந்து கீரி வந்து எட்டிப் பார்த்தது.

"நாங்கள் பக்கத்திலேயே வாங்கிவிட்டோம், பெரியவரே. ஓணான் கெட்டிக்காரன். முதலில் உங்கள் வளையைக் காட்டி எண்பது என்றான். பிறகு அங்கே கூட்டிப் போய் ஐம்பது என்றான். மூன்றே அறைதான். ஆனால் எண்பதைக் கேட்டுவிட்டு வந்த காதுக்கு ஐம்பது மலிவாகப் பட்டது. மரநாயும் உடும்பும்கூட இப்படித்தான் வாங்கினார்களாம்."

முள்ளம்பன்றி ஓணானைத் தேடிப் போனது.

"என் வளையை விற்கிற எண்ணம் உனக்கு என்றைக்காவது இருந்ததா?"

ஓணான் முதல்முறையாகத் தலையாட்டாமல் நின்றது. "உங்கள் வளை விற்றுப்போனால், வருகிறவர்களுக்கு நான் எதைக் காட்டுவேன் மாமா?"

அங்கிருந்து முள்ளம்பன்றி ஆள்காட்டிக் குருவியிடம் போனது. "நீ சொன்ன நாற்பதுக்கே கொடுத்துவிடுகிறேன்."

"வளை தேடியவர்கள் எல்லோரும் வாங்கிவிட்டார்கள், பெரியவரே. எல்லோரும் பார்த்து ஒதுக்கிய வளை என்று காடு முழுக்கத் தெரிந்துவிட்டது."

"இருபதுக்கு?"

கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிவிடுகிற குருவி அன்று ஒன்றும் சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. முள்ளம்பன்றி மான் கொம்பை எடுத்துவர ஆற்றுக்கு ஓடியது. கொம்பை வைத்த இடத்தின் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் மகள் நிற்பது தெரிந்தது. அதன் வாய் அசைந்தது. வெள்ள இரைச்சலில் ஒரு வார்த்தையும் இக்கரைக்கு வரவில்லை.

முள்ளம்பன்றி நனைந்துகொண்டே வளைக்குத் திரும்பியது. மேற்குச் சுவர் கசியத் தொடங்கியிருந்தது. கசிகிற இடத்தில் தோளைக் கொடுத்து, அது அப்படியே உட்கார்ந்துகொண்டது.

நீதி: நாம் கேட்க ஆசைப்படுகிற விலையைச் சொல்பவர், நம் பொருளை விற்றுத் தர வந்தவர் அல்லர்.